ஆளுக்கு ஒன்று

இந்த நாற்காலியில் முதுகைச் சாய்க்கலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் மோகனப்பிரியா மேடை ஏறிவிட்டாள். பச்சைப் பட்டு. அவளைப் பட்டில் நான் பார்த்ததே இல்லை. வெள்ளைக் கோட்டும் கையில் ரப்பர் உறையும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் குனிந்த தலையோடு, ஏனென்றால் என்னிடம் அவளுக்கு வேலை என் பாதத்தில்தான். அவள் வகிடு எனக்கு அத்துப்படி. இடது பக்கமாகக் கொஞ்சம் கோணும். இன்றைக்கு நேராக எடுத்திருக்கிறாள், யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள், அம்மாவாக இருக்கும். முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஆத்தூர் அம்மா. சாய்ந்தால் நாற்காலி பின்னால் போகிறது, நிமிர்ந்தால் முன்னால் வருகிறது, எனக்கு என்னமோ யாருடைய சாமானையோ உடைக்கப் போகிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற நல்லம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. வந்ததும் சாய்ந்துவிட்டாள். "சினிமாக் கொட்டாய் தோத்துது புள்ள. இடைவேளைக்கு முறுக்கு உண்டுமான்னு கேளு" என்கிறாள். மெதுவாப் பேசு என்றால் இன்னும் சத்தமாகப் பேசுவாள் என்பதால் சும்மா இருக்கிறேன். வரிசைக்குப் பத்து, பன்னிரண்டு வரிசை, நான்கு அட்டை. முட்டை அட்டைக்கு முப்பது குழி. நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற கொட்டகையில் இவளோடு இத்தனை வருஷம் நின்று நின்று, எதைப் பார்த்தாலும் கண் முப்பது முப்பதாகத்தான் அடுக்குகிறது. நின்று நின்றுதான் பாதமும் போனது, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. இந்த மண்டபத்துத் தரை பளிங்கு, ஏசி வேறு, எல்லாரும் காலை இழுத்து உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முழங்கால் வரைக்கும் குளிர்கிறது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டேன். இரண்டும் இருக்கின்றன. இப்படிக் குனிந்து பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது, கண்ணால் பார்த்தால்தான் எனக்குக் கால் உண்டு. எங்கள் கொட்டகைச் சரசாளுக்கு ஆணி குத்தினது தெரியாமல் மூன்று நாள் நடந்து, பிறகு இரண்டு விரலை எடுத்தார்கள். அதை இப்போது நினைக்க வேண்டாம். இன்றைக்கு நல்ல நாள். நல்ல நாளாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு மோகனப்பிரியாவுக்குப் பட்டம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் பட்டம் இல்லை, அவள் பிசியோதெரபி படித்தவள். இது ஆராய்ச்சி செய்து வாங்குகிற டாக்டர். ஐந்து வருஷ உழைப்பு. அதைக் கெடுக்கிற வேலையை, ஆராய்ச்சிக்குக் கால் கொடுத்த அறுபது பேரில் இரண்டே பேர் செய்தோம். அந்த இரண்டு பேரும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தி சாய்ந்து, ஒருத்தி நிமிர்ந்து.

மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு தனி நாற்காலியில் மதுரவல்லி மேடம். மோகனப்பிரியாவுக்கு அவர்தான் கைடு, ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்று கூடவே இருந்து பழக்குகிறவர். முடிவு சொல்கிற வரைக்கும் கைடு வாயைத் திறக்கக் கூடாதாம், அதுதான் முறையாம். மேடமுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முந்தானை நுனியைச் சுருட்டுகிறார், விரிக்கிறார், மறுபடி சுருட்டுகிறார். ஆஸ்பத்திரியில் எங்கள் காலை மோகனப்பிரியா பார்க்கும்போதும் இப்படித்தான், ஆனால் அங்கே சுவரைப் பார்த்து உட்காருவார். முதல் நாள் எனக்கு அது பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய டாக்டர் எதற்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுண்ணாம்புச் சுவரைப் பார்க்கிறார், எங்கள் கால் அவ்வளவு அசிங்கமா என்று. பிறகுதான் புரிந்தது, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மோகனப்பிரியா எங்களை எப்படிக் கேட்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மீன் பிடிக்கிற நைலான் நரம்பு மாதிரி ஒரு நரம்பு, அதைப் பாதத்தில் தொட்டுத் தொட்டு, "தெரியுதாம்மா?" என்பாள். நான் கண்ணை மூடியிருப்பேன். ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் குரல் அவ்வளவு ஆசையாக இருக்கும், தெரியுது கண்ணு என்று சொல்லிவிடத் தோன்றும், சொல்லியும் இருக்கிறேன். உடனே சுவர்ப் பக்கமிருந்து சத்தம் வரும். "பிரியா, நீ கேட்கிற மாதிரி கேட்டா எங்க வீட்டு மேசைகூட தெரியுதுன்னு சொல்லும். மறுபடி." மறுபடி கேட்பாள். குரலில் ஆசை குறையும். "மறுபடி." அதற்குப் பிறகு அவள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாள், தொடாமலேயே தெரியுதா என்று கேட்பாள், நான் தெரியுது என்றால் சிரித்துவிடுவாள், "பாவாயிம்மா, நான் இன்னும் தொடவே இல்லை." எனக்கு வெட்கமாகப் போய்விடும். அப்புறம் நான் பொய் சொன்னதில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பிடிபடுவோம் என்ற பயம்தான், ஆனால் பயத்தில் சொன்னாலும் உண்மை உண்மைதானே. இதற்கெல்லாம் முன்னால், முதல் ஒரு மாசம் அவளை அளக்கவே விடவில்லை மேடம். எங்கள் கால்களைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, எண்ணெய் தடவி அனுப்புவது மட்டும்தான் வேலை. நல்லம்மா அப்போதே சொன்னாள், "இதுக்கா கண்ணு உங்கம்மா காலேஜுக்குப் பணம் கட்டுச்சு?" அவள் நிமிராமல், "கட்டலைங்கம்மா, கவர்மெண்டு எனக்குக் குடுக்குது" என்றாள். "உன்னை எங்காலைத் தொடைக்கச் சொல்லிக் கவர்மெண்டு காசு குடுக்குதா? பாத்தியா பாவாயி, நாம ஓட்டுப் போட்டது வீண் போகலை." சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகு குலுங்கியது. அன்றைக்குத்தான் மேடம் சிரிப்பார் என்று தெரிந்தது.

இப்போது மேடையில் அவள் இங்கிலீஷில் பேசுகிறாள். திரையில் ஒரு பாதம், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக. ஒரு தட்டின் மேல் ஏறி நின்றால் கம்ப்யூட்டரில் அப்படித் தெரியும், எங்கே பாரம் விழுகிறதோ அங்கே சிவப்பு. அது யார் கால் என்று தெரியவில்லை, என்னுடையது மாதிரிதான் இருக்கிறது, சுண்டுவிரல் ஒதுங்கி நிற்கிறது, அதுவும் என்னை மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு. ஆராய்ச்சி என்னவென்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஷூ, அதற்குள்ளே வைக்க நீல மெத்தை. பாதி பேருக்குப் புதுசாகச் செய்த மெத்தை, பாதி பேருக்குச் சாதா மெத்தை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அளக்கிற மோகனப்பிரியாவுக்கும் தெரியக் கூடாது, சென்னையில் எங்கேயோ ஒரு ஆபீஸில் பூட்டி வைத்திருப்பார்களாம். தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். எவ்வளவு நியாயமான ஏற்பாடு. ஆனால் கொட்டகையில் மதியம் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது நல்லம்மா அதை வேறு விதமாக யோசித்தாள். "ஏம் புள்ள, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்கு நல்லது வந்திருக்கும், ஒருத்திக்கு டுபாக்கூரு. உனக்கு நல்லது வந்து எனக்கு டுபாக்கூரு வந்தா உனக்கு மனசு ஒப்புமா?" ஒப்பாது. "எனக்கு நல்லது வந்து உனக்கு வரலைன்னா எனக்குச் சோறு எறங்குமா?" அதைப் பற்றி எனக்குச் சந்தேகம், அவளுக்கு எப்போதும் சோறு இறங்கும், ஆனாலும் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் ஆறாம் நம்பர் கால். வலது கால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொண்டோம். எது நல்லதோ அது ஆளுக்கு ஒன்று. ஒரு காலாவது பிழைக்கட்டும். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, ஏதோ ஒரு பெரிய கணக்கை மீதி இல்லாமல் வகுத்துவிட்ட மாதிரி. எட்டு மாசம் கழித்து நல்லம்மா அதைப் பெருமையாகச் சொன்னாள், காலைத் தட்டில் வைத்துக்கொண்டே, "நாங்கதான் பங்கு போட்டுக்கிட்டமே கண்ணு." மோகனப்பிரியா கையில் இருந்த நரம்பு கீழே விழுந்தது. மேடம் நாற்காலியோடு திரும்பினார், அந்த அறையில் அவர் எங்களைப் பார்த்துத் திரும்பியது அன்றைக்கு ஒரு தடவைதான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோகனப்பிரியா மேடம் முகத்தைப் பார்த்தாள், மேடம் சொன்னார், "என்னைப் பார்க்காதே. உன் ஆய்வு, நீ சொல்லு, என்ன செய்யப் போறே?" அவள் மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு, "எழுதிடறேன் மேடம். ரெண்டு பேரையும் பொதுக் கணக்குல சேர்க்காம தனியா, நடந்ததை நடந்த மாதிரி" என்றாள். "அப்ப எங்கிட்ட எதுக்கு நிக்கறே, அவங்ககிட்ட கேளு" என்று மேடம் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கேட்டாள். நல்லம்மா எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை அன்றைக்கு நானும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் நல்லம்மாவுக்கு இடது பாதத்தில் தோல் கன்றிப்போய் நொண்டினாள், பார்க்கச் சகிக்காமல் என்னிடம் இருந்த இடது மெத்தையையும் கொடுத்துவிட்டு அவளுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பதினெட்டு நாள். ஆறினதும் பழையபடி மாற்றிக்கொண்டோம். நல்லம்மா போட்டு உடைத்ததற்கு அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவள் வெளியே போன நேரம் பார்த்து, கண்ணு இன்னொண்ணு இருக்குது என்று சொன்னேன். மோகனப்பிரியா என் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் எண்ணெய். தலையை ஆட்டினாள், "சரிங்கம்மா" என்றாள், பேனாவை எடுக்கவே இல்லை. கை கழுவி வந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எழுதினாளா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினால்கூட அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள். அவள் எழுதாமல் விட்டிருக்கலாம், மனசு நல்ல பிள்ளை, இந்த அம்மாமார்களை இதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று விட்டிருக்கலாம். கைதட்டுகிறார்கள். பேசி முடித்துவிட்டாளா? முடித்துவிட்டாள். இப்போது வெளியூர் தேர்வாளர் மைக்கை இழுத்துக்கொள்கிறார், அம்புரோஸ் சார் என்று அழைத்தார்கள், தூத்துக்குடிப் பக்கமாம், வெள்ளைத் தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. பட்டம் கொடு, கொடுக்காதே என்று சொல்லப்போவது அவர்தான். அவர் முன்னால் அவள் எழுதிய புத்தகம், செங்கல் தடிமன். இங்கிலீஷில் கேட்கிறார், அவள் இங்கிலீஷில் சொல்கிறாள், இரண்டு தடவை சிரிப்பு எழுந்தது, மூன்றாவது கேள்விக்கு அவள் உதட்டைக் கடித்தாள். மேடம் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். ஐயையோ. பிறகு அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி, தமிழுக்கு வந்துவிட்டார். "இந்த ஜோடி விஷயம், அறுபதுல ரெண்டு பேர், மெத்தையைப் பங்கு போட்டுக்கிட்ட ஜோடி. இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறது இல்லை. ஏன் எழுதினீங்க?" மோகனப்பிரியா மைக்கைச் சரிசெய்தாள். "நடந்துச்சு சார்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் அவ்வளவு பிடித்திருந்தது, எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அதற்குள் பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. நல்லம்மா எழுந்து நிற்கிறாள். "அந்த ஜோடி நாங்கதானுங்க சார்!" மண்டபம் முழுக்கத் திரும்பியது. நான்கு அட்டை முகம். மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்குகிறது, அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. அம்புரோஸ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க யாருன்னு இங்க சொல்லணும்னு அவசியமே இல்லை." "ஒளிச்சு வைக்க நாங்க என்ன கோழியா திருடிப்போட்டோம்?" சிரிப்பு. "அப்ப விருப்பம் இருந்தா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடைசி வரைக்கும் அதே காலில் அதே மெத்தையா, இல்லை நடுவுல மாறிச்சா?" நல்லம்மா என்னைப் பார்த்தாள். குனிந்து காதில், "மாறலைன்னு சொல்லிப்போடு. புள்ள கெட்டுப்போகும்" என்றாள், அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரோ ஒரு பையன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டான். கனமாக இருந்தது. அவள் எழுதாமல் விட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்வது அவளைப் பொய்க்காரி ஆக்குவது. எழுதியிருந்தால் நான் பொய் சொல்வது அவளைப் பொய்க்காரி ஆக்குவது. இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் நடுவில் அவள்தான் நிற்கிறாள், பச்சைப் பட்டும் நேர் வகிடுமாக. மேடையைப் பார்த்தேன். முகத்தில் ஏதாவது தெரியுமா, தலையை இப்படியா அப்படியா ஆட்டுவாளா. ஒன்றும் இல்லை. அவள் என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள், ஆசையும் இல்லை பயமும் இல்லை, எனக்கு எந்தப் பதிலையும் எடுத்துக் கொடுக்காத முகம். இத்தனை தடவை "மறுபடி, மறுபடி" என்று சுவர்ப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டுச் செய்த முகம். எழுந்தேனா, உட்கார்ந்தே இருந்தேனா தெரியாது, காலில்தான் ஒன்றும் தெரியாதே. "மாறுச்சுங்க" என்றேன். என் குரல் நான்கு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. "ஐப்பசியில இவளுக்குக் கால் கன்னிப்போச்சு. என்ற இன்னொரு மெத்தையையும் குடுத்துட்டேன். பதினெட்டு நாளுங்க. அப்புறம் மறுபடி பழையபடி." நல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார், இன்னொரு பக்கத்தையும் திருப்பினார், விரலை வைத்துக் கீழே கீழே போனார். அந்த நேரம் எவ்வளவு என்று எண்ணவில்லை, எண்ண மறந்த நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருக்கும். விரல் நின்றது. "பதினெட்டு" என்றார். "இங்கேயும் பதினெட்டுதான் போட்டிருக்கு. காரணமும் போட்டிருக்கு, இடது பாதம், தோல் கன்னினது." புத்தகத்தை எங்களைப் பார்க்கத் தூக்கிக் காட்டினார், இவ்வளவு தூரத்தில் எனக்கு அதில் என்ன தெரியும், கறுப்புக் கறுப்பாக எறும்பு வரிசை, ஆனாலும் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். எண்ணெய்க் கையோடு சரிங்கம்மா என்று சொன்னவள் போய் எழுதியிருக்கிறாள். "அந்தப் பதினெட்டு நாளைத் தனியா ஒதுக்கி வெச்சுட்டு மீதியைப் பார்த்தா" என்று அவர் கூட்டத்துக்குச் சொன்னார், "ஒரே ஆளுக்கு ஒரு காலில் புது மெத்தை, மறு காலில் சாதா மெத்தை. புது மெத்தை போட்ட காலில் ரெண்டு பேருக்கும் சிவப்பு குறைஞ்சிருக்கு. ரெண்டு பேரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனா அடுத்த ஆய்வை எப்படிச் செய்யணும்னு இந்தப் பொண்ணு கடைசி அத்தியாயத்துல எழுதியிருக்கா, எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணுன்னு. நான் வந்ததே அந்த அத்தியாயத்துக்காகத்தான்." நல்லம்மா என் தொடையில் ஒரு அடி கொடுத்தாள், "ஏம் புள்ள, நம்ம யோசனையைப் புஸ்தகத்துல ஏத்திப்போட்டாளா!" தொடை வலித்தது, வலிப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது. அவர்கள் மேசையில் தலையைச் சேர்த்துவைத்து ஏதோ பேசினார்கள், பிறகு எல்லாரும் எழுந்து நிற்க, அவர் ஒரு தாளைப் பார்த்து இங்கிலீஷில் நீளமாக ஒன்றை வாசித்தார், எனக்கு அதில் மோகனப்பிரியா என்பது மட்டும்தான் விளங்கியது, அதற்குப் பிறகு மேடம் விம்மி விம்மி அழுதார், அதைப் பார்த்து நினைத்துக்கொண்டேன், போச்சு, போச்சு, ஆனால் ஆத்தூர் அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்கிறார், பட்டு கசங்குகிறது, கைதட்டல், மேடம் அழுதுகொண்டே மேடைக்கு ஏறி அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகக் கொட்டுகிறார், "மூணாவது கேள்விக்கு நீ உளறினே பிரியா, உளறினே!" என்று சொல்லிக்கொண்டே கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். "எங்க புள்ள டாக்டராயிட்டா நல்லம்மா!" என்று யாரோ கத்துகிறார்கள், நான்கு மூலையிலிருந்தும் அந்தச் சத்தம் வருகிறது, கரகரப்பான குரல், யாரென்று திரும்பிப் பார்க்கிறேன், எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், மைக் என் வாய்க்கு நேராக இருக்கிறது. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே அதை வாங்கக் கை நீட்டினான். கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். மேடையில் மோகனப்பிரியா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கூட்டத்தில் என்னைத் தேடுகிறாள், கண்டுபிடித்துவிட்டாள், இப்போது அந்த முகத்தில் எல்லாமே இருக்கிறது. "இரு சாமி," என்றேன் பையனிடம், அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது, "நான் இன்னும் பேசி முடிக்கலை."